வெள்ளிக்குள்

"லூஸ் எண்ட்ஸ் எல்லாம்
வெள்ளிக்குள் கட்டிவிடுங்கள்" என்றான் ரோஹன் மேத்தா,
கேமராவை அணைத்துவிட்டு.
லூசு என்பது மட்டும் எனக்குத் தமிழில் கேட்டது.
எட்டாம் வகுப்பில் என்னை அப்படிக் கூப்பிட்ட
அமுதகௌரியின் ரெட்டைச் சடை ஞாபகம் வந்து
சிரித்துவிட்டேன்.
மைக் மூடியிருந்தது.

நம்மிடமும் ஒன்று உண்டு: விட்டகுறை, தொட்டகுறை.
ஆனால் அதற்குப் பிறவி கணக்கு.
வெள்ளிக்கிழமை போதாது.

மகாதேவபுரா, ஏழாவது மாடி.
போன வாரமே போனவர்களின் நாற்காலிகள்
சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்க,
எனக்கொரு எக்செல் தாள் வந்தது.
இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் வாங்கிக்கொள்பவர்,
முடிந்தால் பச்சை.
மடிக்கணினி பச்சை.
அடையாள அட்டை பச்சை.
கேன்டீன் அட்டையில் மீதி நூற்று முப்பது ரூபாய்.
இரண்டு மசால் தோசை வாங்கி
ஒன்றைக் காவலாளி பசவராஜுக்குக் கொடுத்தேன்.
தாளில் அதற்கு இடமில்லை.
நானே ஒரு வரி சேர்த்து
பச்சை அடித்தேன்.

ஒன்றுதான் அடங்கவில்லை.
நான்கு வருடம் முன்பு
யாரும் கேட்காமல் ஒரு ராத்திரியில் எழுதிய நிரல்.
தினமும் காலை ஆறரைக்கு எழுந்து
பதிவேட்டைப் புரட்டி,
தடுப்பூசி நாள் தவறிய பிள்ளைகளின் வீட்டுக்குக்
கன்னடத்தில் இரண்டு வரி அனுப்பும்.
என் கன்னடம் அது, தப்பும் தவறுமாக.
கொப்பளிலிருந்து ஒரு தாய்
திருத்தி அனுப்பினாள்,
வணக்கமும் இல்லை, கோபமும் இல்லை, திருத்தம் மட்டும்.
அவள் சொன்னபடி மாற்றினேன்.
குருகிராமத்திலிருந்து தேபாஷிஷ் கேட்கிறான்:
இது தேவையா? ஒப்பந்தத்தில் இல்லையே.
தேவை என்று தட்டினேன்.
அழித்தேன்.
'ஆறரைக்கு ஓடும்' என்று மட்டும் விட்டேன்.
அவன் பதில் போடவில்லை.
அந்தக் கட்டம் மஞ்சளாகவே நின்றது.

சாயங்காலம் மெட்ரோவில் அல்சூர்.
தலைப்புக்குக் குச்சு கட்டக் கொடுத்த புடவை,
போன மாதமே வாங்கியிருக்க வேண்டும்.
ரஹ்மத்துன்னிசா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
யாரோடோ அட்வான்ஸ் பணத்துக்குச் சண்டை.
இரு என்று கண்ணால் சொன்னாள்.
பாதிதான் ஆகியிருந்தது.
ஒரு பக்கம் மணி கோத்த முடிச்சுகள்,
மறுபக்கம் வெறும் இழைகள்,
காய்ச்சலில் எழுந்தவள் தலை மாதிரி.

வெள்ளிக்குள் முடியுமா?
"வெள்ளிக்கு என்ன, ஊருக்கா?"
எதை ஊர் என்று சொல்வது?
வீட்டு ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை இருக்கிறது.
முடிச்சுக்குக் கீழே இரண்டு விரல் அளவு
நூலைத் தொங்கவிட்டு வெட்டினாள்.
இன்னும் ஒட்டி வெட்டலாமே என்றேன்.
"அப்புறம் என்னத்துக்கு?" என்றாள்.
என்னிடமா, போனிலா, தெரியவில்லை.
திங்கள் வா என்றது மட்டும் என்னிடம்தான்.
திங்கள் எனக்கு என்ன கிழமையாக இருக்கும்
என்று யோசித்தபடி தலையாட்டினேன்.

வெள்ளி ஐந்து மணிக்குக்
கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.
மின்னஞ்சல். சாட். சம்பளச் சீட்டு.
கடைசியாகக் கேட்டது கழிப்பறைத் தண்ணீர்ச் சத்தம்,
அது யாருக்கும் ஒப்படைக்கப்படாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

சனி. அலாரம் வைக்காமலே விழிப்பு.
ஆறு முப்பத்தொன்றுக்குப் போன் அதிர்ந்தது.
அன்றைக்குச் சோதனைக்கென்று
என் எண்ணையும் பட்டியலில் சேர்த்திருந்தேன்,
பிறக்காத ஒரு பிள்ளையின் பெயரில்: டெஸ்ட் பேபி ஒன்று.
நான்கு வருடமாகத் தினமும் வரும்.
பார்க்காமலே தள்ளிவிடுவேன்.
இன்று படித்தேன்.
உங்கள் குழந்தைக்கு நாள் தவறிவிட்டது.
பரவாயில்லை, இன்றைக்கு வாருங்கள்.

அந்தப் 'பரவாயில்லை'
கொப்பள்காரி சேர்த்தது.

சரி என்று பதில் போட்டேன்.
பல் தேய்க்க எழுந்தபோது
மறுபடி அதிர்ந்தது.
வரும் பதில்கள் எல்லாம்
என் போனுக்கே வரும்படி வைத்தவளும் நான்தான்.
ஏதோ ஒரு தாய் எழுதியிருந்தாள்:
சரி.